போர்க்களத்தில் தோற்றவர் புத்தகத்தில் வென்ற கதை

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. வேதியியல்)

வேற்று நாட்டோடு நடக்கும் போர் முடிந்தால் பகைவன் தன் நாட்டுக்குத் திரும்பிப் போய்விடுவான். உள்நாட்டுப் போர் முடிந்தால் பகைவன் எங்கே போவான்? அவனும் இந்த நாட்டுக்காரன்தானே! அதே ஆற்றில்தான் தண்ணீர் எடுப்பான். அதே நாணயத்தைத்தான் கையாளுவான். அதே தேர்தலில்தான் வாக்களிப்பான். ஆகவே, துப்பாக்கி ஓய்ந்த மறுநாளே இன்னொரு போர் தொடங்கிவிடுகிறது. நடந்தது என்ன? அது எதற்காக நடந்தது? அதில் யாரைப் போற்றுவது, யாரை மறப்பது? இக்கேள்விகளுக்காக நடக்கும் நினைவுப் போர் அது. முதற்போர் நான்கு ஆண்டுகளில் முடியலாம். இரண்டாம் போர் நூறு ஆண்டுகள் ஆனாலும் முடிவதில்லை.

இதற்குச் சான்று தேடி நெடுந்தூரம் அலைய வேண்டியதில்லை. உலகில் மிகுதியாக எழுதப்பட்ட உள்நாட்டுப் போர்களுள் ஒன்றான அமெரிக்க உள்நாட்டுப் போரே போதும். அந்தப் போரில் வென்றது வடபுலம். ஆனால் அதைப்பற்றிய நினைவை நெடுங்காலம் ஆண்டது தென்புலம். வென்றவனே வரலாறு எழுதுவான் என்று நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். அமெரிக்காவிலோ தோற்றவனும் எழுதினான். எழுதி வென்றும் விட்டான்! அது எவ்வாறு நிகழ்ந்தது, அதனால் யாருக்கு என்ன இழப்பு என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

போருக்குக் காரணம் யாது?

1860-ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பின்படி அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வாழ்ந்தவர் ஏறத்தாழ 3 கோடியே 14 இலட்சம் பேர். அவர்களுள் 39 இலட்சத்துக்கு மேற்பட்டோர் அடிமைகள். தென்னகத்தின் பருத்தித் தோட்டங்கள் அவர்களுடைய வியர்வையால் விளைந்தன. அடிமைமுறை புதிய பகுதிகளுக்குப் பரவக் கூடாது என்ற கொள்கையுடைய ஆபிரகாம் லிங்கன் 1860 நவம்பரில் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அடுத்த மாதமே தென் கரோலினா ஒன்றியத்திலிருந்து விலகியது. அதன்பின் ஒன்றன்பின் ஒன்றாக மொத்தம் 11 மாநிலங்கள் விலகித் தனிக் கூட்டமைப்பு அமைத்தன. 1861 ஏப்ரல் 12-இல் சார்ல்ஸ்டன் துறைமுகத்தின் சம்ட்டர் கோட்டை மீது பீரங்கி முழங்கியது. 1865 ஏப்ரல் 9-இல் தென்படைத் தளபதி இராபர்ட் லீ சரணடைந்தார். இடைப்பட்ட நான்கு ஆண்டுகளில் மாண்டவர் தொகை 6,20,000 என்று நெடுங்காலம் கூறிவந்தனர். அண்மைக் கால ஆய்வுகள் அதனை 7,50,000 வரை உயர்த்துகின்றன.

தென் மாநிலங்கள் ஏன் விலகின? மிசிசிப்பி, ஜார்ஜியா, டெக்சாஸ், தென் கரோலினா ஆகிய மாநிலங்கள் தாங்கள் விலகியதற்கான காரணங்களை அறிக்கைகளாகவே வெளியிட்டன. அடிமைமுறைக்கு வந்த ஆபத்தை அவை ஒளிவுமறைவின்றிக் கூறின. கூட்டமைப்பின் துணைத் தலைவர் அலெக்சாண்டர் ஸ்டீவன்ஸ் 1861 மார்ச் 21-இல் சவானா நகரில் பேசுகையில், கறுப்பர் வெள்ளையருக்குச் சமமல்லர், அடிமை நிலையே அவர்களுக்கு இயல்பு, இந்த உண்மையே எங்கள் புதிய அரசின் மூலைக்கல் என்ற கருத்தை முழங்கினார்.

இதை நண்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏனெனில் போரில் தோற்றபின் இதே ஸ்டீவன்ஸ் இரண்டு பெருந்தொகுதிகளாக நூல் எழுதினார். அதில் அவர் நிலைநாட்ட முயன்றது என்ன தெரியுமா? போர் அடிமை முறைக்காக நடந்ததன்று. அரசியல் சட்டக் கோட்பாட்டுக்காக நடந்தது என்பது! வெல்வோம் என்று நம்பியபோது ஒரு காரணம்; தோற்றபின் வேறொரு காரணம். செய்முறை வகுப்பில் விடைக்கு ஏற்றவாறு பியூரெட் அளவீட்டைத் திருத்தி எழுதுவோர் உண்டு. நாடுகளும் அதைச் செய்கின்றன.

போர் பெற்றெடுத்த பண்பாடு

போர் அழிப்பது மட்டுமன்று. சிலவற்றைப் பெற்றெடுக்கவும் செய்கிறது. அமெரிக்கர் தம்மை எவ்வாறு காண்கிறார்கள் என்பதையே அந்த நான்கு ஆண்டுகள் மாற்றிவிட்டன.

1862 செப்டம்பர் 17-இல் ஆண்டீட்டம் என்னுமிடத்தில் கடும் போர் நடந்தது. சில நாள்களுக்குள் அலெக்சாண்டர் கார்ட்னர் அங்குக் கிடந்த பிணங்களைப் புகைப்படம் எடுத்தார். அடுத்த மாதமே மாத்யூ பிரேடி அப்படங்களை நியூயார்க்கில் காட்சிக்கு வைத்தார். வீரக்கதைகளைச் செய்தித்தாளில் படித்துவந்த நகரத்து மக்கள், வாய் பிளந்து வீங்கிக் கிடந்த இளைஞரின் உடல்களைக் கண்டு திகைத்தனர். போரின் முகத்தை வீட்டிலிருந்தவர் பார்த்த தொடக்கக் காலம் அது.

நம் பாரதியார் போற்றிய வால்ட் விட்மன், வாஷிங்டன் நகர இராணுவ மருத்துவமனைகளில் காயம்பட்டோர் கட்டிலருகே அமர்ந்து அவர்களுக்காகக் கடிதம் எழுதிக் கொடுத்தார். அந்த அனுபவம் அவர் கவிதையையே மாற்றியது. 1863 நவம்பர் 19-இல் கெட்டிஸ்பர்க் கல்லறைத் திடலில் லிங்கன் இரண்டு மூன்று நிமிடங்களே பேசினார். ஏறத்தாழ 270 சொற்கள்தாம். அச்சிறு உரை இன்று உலகெங்கும் பள்ளிப் பிள்ளைகளின் பாடம். லீயின் குடும்பத்துக்கு உரியதாயிருந்த ஆர்லிங்டன் நிலம் 1864-இல் படைவீரர் இடுகாடாயிற்று.

அடிமைத்தளை அறுந்தவர்களின் பண்பாடும் வெளியே வந்தது. 1866-இல் தொடங்கப்பட்ட ஃபிஸ்க் கல்லூரி பணமின்றித் தத்தளித்தபோது, 1871-இல் அதன் மாணவர் குழுவொன்று ஊர் ஊராகச் சென்று அடிமைக் குடிசைகளில் பாடப்பட்ட பத்திப் பாடல்களைப் பாடிப் பொருள் திரட்டியது. அதுவரை இரவில் தாழ்ந்த குரலில் பாடப்பட்ட பாட்டு, உலக மேடையேறியது. மாணவர்கள் பாட்டுப் பாடித் தங்கள் கல்லூரியைக் காத்தனர் என்பது நம்மைப் போன்றோர் நெஞ்சில் எழுதி வைத்துக்கொள்ளத்தக்க செய்தி.

தோற்றவர் எழுதிய வரலாறு

1866-ஆம் ஆண்டில், போர் முடிந்து இரண்டு ஆண்டுகள்கூட நிறையாத வேளையில், ரிச்மண்டு நகரப் பத்திரிகையாசிரியர் எட்வர்டு பொல்லார்டு ஒரு நூல் வெளியிட்டார். ‘இழந்த இலட்சியம்’ என்பது அதன் தலைப்பின் பொருள். அந்தத் தலைப்பே பின்னர் ஓர் இயக்கத்தின் பெயராயிற்று. தென்னவர் போரிட்டது மாநில உரிமைக்காக. அடிமைகள் மனநிறைவோடு வாழ்ந்தனர். தென்படை வீரத்தால் தோற்கவில்லை, எண்ணிக்கையால் தோற்றது. லீ குறையற்ற மாவீரர். இவையே அதன் கோட்பாடுகள்.

கோட்பாடு இருந்தால் போதுமா? அதைப் பரப்ப ஆள் வேண்டும். 1894-இல் தென்படையினர் குடும்பப் பெண்கள் நாஷ்வில் நகரில் ஒரு சங்கம் தொடங்கினர். சிலைகள் எழுப்பினர், கட்டுரைப் போட்டிகள் வைத்தனர், பாடநூல்களைக் கண்காணித்தனர். அச்சங்கத்தைச் சேர்ந்த மில்டிரட் ரதர்ஃபோர்டு என்ற அம்மையார் 1920-இல் பள்ளிநூல்களை அளப்பதற்கென்றே ஒரு கையேடு வெளியிட்டார். தென்னவர் அடிமைகளை வைத்துக்கொள்வதற்காகப் போரிட்டனர் என்று கூறும் நூலை ஒதுக்குக என்பது அதில் ஒரு விதி! இப்படி வடிகட்டிய நூல்களைப் படித்தே தென்னகத்தில் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் வளர்ந்தனர்.

சிலைகளின் கதையும் இதுவே. கூட்டமைப்புத் தலைவர்களின் சிலைகள் பெரும்பாலும் போர் முடிந்த உடனே எழுந்தவை அல்ல. 1890-களுக்கும் 1920-களுக்கும் இடையில் எழுந்தவை. துயரம் ஆறாமல் எழுப்பியிருந்தால் 1866-லேயே பெருகியிருக்க வேண்டுமல்லவா? அந்த ஆண்டுகளில் வேறு என்ன நடந்தது? 1870-இல் கறுப்பின ஆடவருக்கு வாக்குரிமை வந்தது. அவ்வாண்டே மிசிசிப்பி மாநிலத்திலிருந்து ஹைரம் ரெவல்ஸ் என்ற கறுப்பினத்தவர் செனட் சபையில் அமர்ந்தார். ஆனால் 1877-இல் வடபுலப் படையின் காவல் நீங்கியது. 1890-இல் அதே மிசிசிப்பி புதிய சட்டம் இயற்றி அவர்களுடைய வாக்கைத் தந்திரமாகப் பறித்தது. 1896-இல் இனத்துக்கு இனம் தனித்தனி இரயில் பெட்டி என்பது சட்டத்துக்கு உட்பட்டதே என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாக்குப் பறிபோன ஊரில்தான் குதிரைமேல் சிலை ஏறியது. இரண்டு கோடுகள் வரைபடத்தில் ஒருங்கே உயர்ந்தால், அவற்றுக்குள் தொடர்பு உண்டா என்று கேட்பது அறிவியல் மாணவன் கடமை. இங்கே தொடர்பு வெளிப்படை. அச்சிலைகள் இறந்தவரை நினைவூட்ட மட்டும் எழுந்தவை அல்ல. இருப்பவருக்கு அவரவர் இடத்தை நினைவூட்ட எழுந்தவை.

திரைப்படமும் கைகொடுத்தது. 1915-இல் வெளிவந்த கிரிஃபித்தின் ‘ஒரு தேசத்தின் பிறப்பு’, கறுப்பரைக் கொடியவராகவும் முகமூடி வன்முறைக் கூட்டத்தைக் காவலராகவும் காட்டியது. வெள்ளை மாளிகையிலேயே அது திரையிடப்பட்டது. அதே ஆண்டு ஜார்ஜியாவின் ஸ்டோன் மலையில் அக்கூட்டம் புத்துயிர் பெற்றது. 1939-இல் ‘காற்றோடு போனது’ வந்தது. தோட்ட முதலாளியின் மாளிகை, பட்டாடை, காதல், விசுவாசமான வேலைக்காரி! உலகமே கண்ணீர் விட்டது. அந்த வேலைக்காரியாக நடித்த ஹாட்டி மெக்டானியல், 1940-இல் ஆஸ்கார் விருது பெற்ற முதல் கறுப்பினத்தவரானார். ஆனால் அட்லாண்டா நகரில் அப்படத்தின் முதல் காட்சிக்கு அவரால் செல்ல முடியவில்லை. விருது விழாவிலும் அவருக்குத் தனி மேசைதான். திரையில் அவர் அடிமைமுறையை இனிமையாக்கிக் காட்ட வேண்டும். அரங்கில் அதன் மிச்சத்தை விழுங்க வேண்டும். ஒரு நாட்டின் நினைவு திரிந்தால் அதன் விலையை யார் கொடுக்கிறார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

மறைக்கப்பட்ட நினைவுகள்

1865 மே 1-ஆம் நாள் சார்ல்ஸ்டன் நகரில் ஒரு விழா நடந்தது. அங்கிருந்த குதிரைப் பந்தயத் திடலைத் தென்படையினர் சிறைக்கூடமாக்கியிருந்தனர். அங்கே 250-க்கும் மேற்பட்ட வடபுல வீரர்கள் மாண்டு, ஒழுங்கின்றிப் புதைக்கப்பட்டிருந்தனர். விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் அவ்வுடல்களை முறையாக அடக்கம் செய்து, வேலியமைத்து, பள்ளிப் பிள்ளைகள் முன்செல்ல ஆயிரக்கணக்கில் மலர் ஏந்தி ஊர்வலம் சென்றனர். மாண்ட வீரர்க்கு மலரஞ்சலி செலுத்தும் அமெரிக்க வழக்கத்தின் மிகப் பழைய நிகழ்ச்சிகளுள் அது ஒன்று. ஆயினும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் அது பொது நினைவிலிருந்தே அகன்றுபோயிற்று. வரலாற்றறிஞர் டேவிட் பிளைட் பழைய ஆவணங்களைக் கிளறியபோது அது மீண்டும் ஒளி பெற்றது.

வடபுலப் படையில் ஏறத்தாழ 1,80,000 கறுப்பின வீரர்கள் போரிட்டனர். 1913-இல் கெட்டிஸ்பர்க் போரின் ஐம்பதாம் ஆண்டு விழாவில் 50,000-க்கும் மேற்பட்ட முதிய வீரர்கள் கூடினர். எந்தக் கற்சுவர் அருகே ஒருவரையொருவர் சுட்டார்களோ, அதே சுவரின் இருபுறமும் நின்று கைகுலுக்கினர். கண்கொள்ளாக் காட்சிதான்! ஆனால் போர் எதனால் வந்தது என்பதை அவ்விழா பேசவில்லை. யாருடைய விடுதலைக்கு அது வழி திறந்ததோ அவர்கள் அந்த மேடையில் இல்லை. அங்கு உரையாற்றிய குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சனின் ஆட்சியில், அதே ஆண்டு, அரசு அலுவலகங்களில் கறுப்பர் தனியே பிரிக்கப்பட்டனர். அண்ணனும் தம்பியும் சமாதானமாகிவிட்டனர். வேலியை மட்டும் பக்கத்து வீட்டுக்காரன் நிலத்தில் போட்டுவிட்டனர்.

பாஸ்டன் நகரில் 1897-இல் கர்னல் ஷாவுக்கும் அவருடைய கறுப்பினப் படைக்கும் எழுப்பிய நினைவுச் சின்னம் உயர்ந்த கலைப்படைப்பு. அதில் மாண்ட வெள்ளை அதிகாரிகளின் பெயர்கள் அன்றே பொறிக்கப்பட்டன. மாண்ட கறுப்பின வீரர்களின் பெயர்கள் ஏறியதோ 1980-களின் தொடக்கத்தில்! வெண்கலத்தில் முகம் இருந்தது. பெயர் வருவதற்கு 80 ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

ஏன் இந்த நிலை? அச்சுக்கூடம் யாரிடம் இருந்தது, கல்விக்குழு யாரிடம் இருந்தது, கல் வாங்கக் காசு யாரிடம் இருந்தது என்று கேட்டால் விடை கிடைக்கும். தென் மாநிலங்கள் பலவற்றில் அடிமைக்கு எழுத்துக் கற்பிப்பதே சட்டப்படி குற்றமாயிருந்தது. விடுதலை வந்தபின் தாத்தாவும் பேரனும் ஒரே பலகையில் அமர்ந்து அரிச்சுவடி படித்தார்கள். இதைப் படித்தபோது என் உள்ளம் ஒரு கணம் நின்றது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். என் பாட்டனார் இருந்தார் என்பதற்குக் காகிதத்தில் உள்ள சான்று ஒரு கைநாட்டு மட்டுமே. அவர் என்ன நினைத்தார், எதற்கு அழுதார், யாரை எதிர்த்தார் என்பது எந்த ஏட்டிலும் இல்லை. எழுத்தில்லாதவன் நினைவு அவனோடு எரிந்துபோகிறது. எழுத்துடையவன் பொய்யும் நூலகத்தில் நிலைக்கிறது. எழுத்தறிவு வேலைக்கு மட்டும் வேண்டியதன்று என்று நான் உணர்ந்தது இதனால்தான்.

மறந்துவிடுவது நல்லதல்லவா?

‘பழைய புண்ணைக் கிளறுவானேன்? ஒற்றுமைக்காக மறந்துவிடுவது நல்லதல்லவா?’ என்று சிலர் கேட்கலாம். இது எளிதில் தள்ளிவிடத்தக்க கேள்வியன்று. தென்படையில் மாண்டவர் பலர் அடிமை வைத்திராத ஏழை உழவர்கள். அவர்களுக்கும் தாய் உண்டு. அத்தாயின் கண்ணீரும் கண்ணீர்தான். அதை எள்ளி நகையாடும் உரிமை எவருக்கும் இல்லை.

ஆனால் அழுவது வேறு, ஆராதிப்பது வேறு. மகனுக்காகக் கல்லறையில் விளக்கேற்றுவது துக்கம். அவன் எந்தக் கொடுமைக்காகப் போரிட அனுப்பப்பட்டானோ அந்தக் கொடுமையை நீதிமன்ற வாசலில் சிலையாக நிறுத்துவது துக்கமன்று. அடிமையாகப் பிறந்து அறிஞராக உயர்ந்த ஃபிரெடரிக் டக்ளஸ், 1871-இல் ஆர்லிங்டன் இடுகாட்டில் பேசியபோது இதைத்தான் வற்புறுத்தினார். பகையை மறக்கலாம், ஆனால் நாட்டைக் காக்க நின்றவரையும் அதை உடைக்க நின்றவரையும் ஒன்றாக எண்ணச் சொன்னால் அதை ஏற்க முடியாது என்பதே அவர் உரையின் சாரம்.

மறந்தால் புண் ஆறுமா என்பதற்கு வரலாறே விடை கூறிவிட்டது. போர்க்காலக் கொடி 1960-களின் தொடக்கத்தில் தென் கரோலினாவின் தலைமைச் செயலக உச்சியில் ஏற்றப்பட்டது. அது சமவுரிமைப் போராட்டம் வலுத்து வந்த காலம். 2015 ஜூன் 17-இல் அதே சார்ல்ஸ்டன் நகரத் தேவாலயத்தில், அந்தக் கொடியோடு படம் எடுத்துக்கொண்ட ஓர் இளைஞன் ஒன்பது கறுப்பின மக்களைச் சுட்டுக் கொன்றான். அதன் பிறகே, ஜூலை 10-இல், அரசு வளாகத்திலிருந்து கொடி இறங்கியது. ரிச்மண்டில் 1890-இல் எழுந்த லீ சிலை 2021-இல் அகற்றப்பட்டது. டெக்சாஸில் விடுதலைச் செய்தி எட்டிய 1865 ஜூன் 19-ஆம் நாள் 2021-இல் தேசிய விடுமுறை நாளாயிற்று. தென்படைத் தளபதி பிராக் பெயர்கொண்ட படைமுகாம் 2023-இல் ‘லிபர்ட்டி’ எனப் பெயர் மாறியது. 2025-இல் மீண்டும் பிராக் ஆயிற்று, இம்முறை இரண்டாம் உலகப் போரில் பங்குகொண்ட வேறொரு பிராக்கின் பெயரால் என்ற விளக்கத்தோடு! துப்பாக்கி ஓய்ந்து 160 ஆண்டுகள். பெயர்ப்பலகை இன்னும் ஓயவில்லை.

சிலைகளை உடைத்தெறிய வேண்டுமா? என் கருத்து இது: பொது இடத்துப் பீடம் மரியாதைக்குரிய இடம், அங்கிருந்து இறக்கலாம். ஆனால் அழிக்க வேண்டியதில்லை. எப்போது, யார், எதற்காக எழுப்பினர் என்ற குறிப்போடு காட்சிச்சாலையில் வைத்தால், பொய் சொன்ன அதே கல் உண்மை சொல்லும். சிலையைவிட முதன்மையானது பாடநூல். சிலையைப் பார்க்காமல் கடந்து போகலாம். பாடநூலைத் தேர்வுக்காகவேனும் படித்தாக வேண்டும்.

நமக்கு என்ன?

கடல்கடந்த நாட்டுக் கதை நமக்கு எதற்கு என்று எண்ண வேண்டாம். அப்போரினால் அமெரிக்கப் பருத்தி வரத்து நின்றபோது இங்கிலாந்து ஆலைகள் இந்தியப் பருத்தியை நாடின. பம்பாயில் பணம் புரண்டது. போர் முடிந்ததும் விலை சரிந்து பலர் வீதிக்கு வந்தனர். மராட்டிய மண்ணில் ஜோதிராவ் ஃபுலே 1873-இல் ‘குலாம்கிரி’ என்ற தம் நூலை, அடிமைகளை விடுவித்த அமெரிக்க நன்மக்களுக்குக் காணிக்கையாக்கினார். அமெரிக்கப் பாடநூல்கள் அவ்விடுதலையை மழுப்பத் தொடங்கும் முன்னரே, இங்கே ஒருவர் அதன் பொருளை நன்கு புரிந்துகொண்டிருந்தார்!

அமெரிக்காவில் 1936 முதல் 1938 வரை அரசின் எழுத்தாளர் திட்டத்தைச் சேர்ந்தோர், உயிரோடிருந்த முன்னாள் அடிமைகளை வீடு தேடிச் சென்று கண்டு 2,300-க்கும் மேற்பட்ட வாழ்க்கைக் கதைகளை எழுதி எடுத்தனர். கேட்டவர் பலர் வெள்ளையர், சொன்னவர் அஞ்சியே சொன்னார், குறைகள் உண்டு. என்றாலும், அந்த ஏடுகள் இல்லையேல் ‘அடிமைகள் மனநிறைவோடு வாழ்ந்தனர்’ என்ற பொய்யை மறுக்கும் குரல்களில் எத்தனையோ அடங்கிப் போயிருக்கும்.

அன்பு மாணவ நண்பர்களே! நம்மில் பலர் வீட்டிலும் எழுதப்படாத ஏடுகள் திண்ணையில் அமர்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருக்கின்றன. பஞ்சத்தையும், பண்ணையடிமைத்தனத்தையும், தெருவில் செருப்பணிந்து நடக்க முடியாத நாளையும் கண்ட கண்கள் அவை. வரும் விடுமுறையில் ஒரு நாற்பது பக்க நோட்டை வாங்குங்கள். அவர்கள் சொல்வதை அவர்கள் சொல்லும் சொல்லிலேயே எழுதுங்கள். அழகுபடுத்த வேண்டாம், விடைக்கேற்பத் திருத்தவும் வேண்டாம். நாளும் ஊரும் குறித்து வையுங்கள். நாம் எழுதாத பக்கத்தை வேறொருவர் எழுதிவிடுவார். அதில் நம் பாட்டி மனநிறைவோடு சிரித்துக்கொண்டிருப்பார்.